விக் துறைமுகத்தின் ஹெர்ரிங் மீன்பிடித் தொழில் அழிந்ததற்கு மீன் வற்றியதுதான் காரணமா?

கேள்வி:

ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில், கெய்த்னஸ் பகுதியில் உள்ள விக் என்ற சிறிய துறைமுக நகரத்தின் பழைய புகைப்படங்களை அண்மையில் பார்த்தேன். அங்கு வாழ்ந்த ஜான்ஸ்டன் குடும்பத்தார் 1863 முதல் மூன்று தலைமுறைகளாக எடுத்த படங்கள் அவை. ஒரு படத்தில் துறைமுகத்துத் தண்ணீரே தெரியாதபடி பாய்மரப் படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. கரை முழுவதும் பீப்பாய்கள் அடுக்கப்பட்டுள்ளன. பருவ காலத்தில் ஆயிரம் படகுகள் வரை கூடிய ஊர் அது என்கிறார்கள். இவ்வளவு பெரிய தொழில் எப்படி மறைந்தது? மீன் வற்றியதே காரணம் என்று பல இடங்களில் படித்தேன். அது முழு விளக்கமாகுமா?

முதல் மறுமொழி:

ஆகாது என்பதே என் கருத்து. விக் பிடித்த மீனில் பெரும்பகுதியை உண்டவர்கள் தொலைதூரத்து மக்கள்; ஆகவே அந்தச் சந்தைகளின் கதையே இந்த ஊரின் கதையும் ஆகும். தொடக்கக் காலத்தில் உப்பிட்ட ஹெர்ரிங் அயர்லாந்துக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்றது. தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு மலிவான உணவாக அது வழங்கப்பட்டது. இதைச் சொல்லாமல் அந்தத் துறைமுகத்தின் செழிப்பைப் பேசுவது நேர்மையாகாது. அடிமை முறை ஒழிந்த பின்னர் பால்டிக் கடலோரத் துறைமுகங்கள் வழியாக ஜெர்மனியும் ரஷ்யாவும் முதன்மைச் சந்தைகளாயின. முதல் உலகப் போரும் 1917-இன் ரஷ்யப் புரட்சியும் அந்த வாயில்களை அடைத்தபோது, கடலில் மீன் இருந்தும் வாங்க ஆளில்லாமல் போயிற்று.

இரண்டாம் மறுமொழி:

சந்தை பற்றி மேலே உள்ளதை ஏற்கிறேன். ஆயினும் போருக்கு வெகுகாலம் முன்பே விக் பின்தங்கத் தொடங்கிவிட்டது. அதற்குக் காரணம் விக் அமைந்துள்ள விரிகுடாவின் அமைப்பு.

விக் ஆற்றின் தென்கரையில், இந்த ஊரின் ஒரு பகுதியாக உள்ள பல்ட்னிடவுன், பிரிட்டிஷ் மீன்வளச் சங்கத்துக்காகப் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்த குடியிருப்பு. தெருக்கள், வீடுகள், உப்பிடும் முற்றங்கள் எல்லாம் மீன் தொழிலை மனத்தில் வைத்தே திட்டமிடப்பட்டன. ஆனால் துறைமுகம் ஆழமற்றது. நீர் வற்றும் நேரத்தில் படகு உள்ளே நுழைய இயலாது. கிழக்கு நோக்கித் திறந்த விரிகுடாவாதலால் புயல் நேராக உள்ளே பாயும்.

இதன் விலை 1848 ஆகஸ்ட் 19 அன்று தெரிந்தது. முந்திய மாலை மேல்தளமில்லாத படகுகளில் வலைபோடச் சென்றவர்கள் நள்ளிரவுக்குப் பின் எழுந்த புயலில் கரை திரும்ப முயன்றபோது, துறைமுக நுழைவழியில் நீர் இறங்கியிருந்தது. குடும்பத்தார் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, துறைமுக வாசலிலேயே படகுகள் கவிழ்ந்தன. கிழக்குக் கடற்கரை நெடுகிலும் சுமார் 100 பேர் மாண்டனர். அவர்களில் 37 பேர் விக் துறையைச் சேர்ந்தவர்கள். அரசு அனுப்பிய கேப்டன் ஜான் வாஷிங்டன் மறு ஆண்டு அளித்த அறிக்கையில், மேல்தளம் உள்ள படகுகளும் எந்நேரமும் நுழையத்தக்க ஆழமான துறைமுகங்களும் தேவை என்று பரிந்துரைத்தார்.

அதற்காக 1863-இல் ஸ்டீவன்சன் குடும்பத்துப் பொறியாளர்கள் அலைதாங்கிச் சுவர் ஒன்றைக் கட்டத் தொடங்கினர். 1872-இல் ஒரு புயல், இரும்புக் கம்பிகளால் பிணைத்திருந்த சுமார் 1,350 டன் எடையுள்ள சுவர்முனையை அப்படியே பெயர்த்துச் சென்றது. அதற்குப் பதிலாக வைத்த 2,600 டன் திரளும் 1877-இல் இடம்பெயர்ந்தது. பணி கைவிடப்பட்டது. பின்னர் வந்த பெரிய நீராவிப் படகுகளுக்கு ஆழமான துறைமுகம் அவசியமாயிருந்ததால், அவை வேறு ஊர்களை நாடியதில் வியப்பில்லை.

மூன்றாம் மறுமொழி:

படகுகளைப் பற்றியே பேசும்போது பெண்களின் உழைப்பு விடுபட்டுவிடுகிறது. மூன்று பேர் ஒரு குழு: இருவர் சிறு கத்தியால் மீனின் குடலையும் செவுளையும் ஒரே இழுப்பில் அகற்றுவர்; மூன்றாமவர் உப்பைத் தூவிப் பீப்பாய்க்குள் வரிசை வரிசையாக அடுக்குவார். கத்தி வெட்டும் உப்பின் எரிச்சலும் தாளாமல் விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளிலிருந்து பருவந்தோறும் வந்த, கேலிக் என்ற அப்பகுதி மொழி பேசும் பெண்களும் அவர்களில் அடங்குவர். அவர்களில் பலர் மீன் கூட்டங்களைப் பின்தொடர்ந்து இங்கிலாந்தின் யார்மத் வரை சென்று வேலை செய்தனர் என்பதால், ஒரு துறைமுகம் நலிந்தபோது உழைப்பும் எளிதாக இன்னொன்றுக்கு நகர்ந்தது. இரண்டாம் மறுமொழியில் சொன்ன இடப்பெயர்ச்சிக்கு இதுவும் துணைபோயிற்று.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. டெல்ஃபோர்டு காலத்துக் கட்டடங்களில் ஏதேனும் இப்போதும் பயன்பாட்டில் உள்ளதா?

இரண்டாம் மறுமொழியாளர்:

உள்ளது. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உள்ள மோரே ஃபர்த் கடலில் 84 காற்றாலைகளுடன் அமைந்த பியாட்ரிஸ் மின்நிலையத்தின் பராமரிப்புத் தளம் விக் துறைமுகத்தில்தான் இயங்குகிறது. அதற்காக, துறைமுகத்தை ஒட்டியிருந்த டெல்ஃபோர்டு காலக் கட்டடங்களைச் சீரமைத்துப் பயன்படுத்துகிறார்கள். பல்ட்னிடவுனின் தெரு அமைப்பும் பெரும்பாலும் அவர் வரைந்தபடியே இருக்கிறது.