உறைமோர் தீர்ந்துவிட்டது, விளக்கும் வைத்தாயிற்று. பாலை எப்படி உறைய வைப்பது?

பென்னாகரம் மருமகள்:
பென்னாகரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர் எங்களுடையது. சாயங்காலம் பிள்ளைக்குச் சோறு பிசையும்போது கிண்ணத்தில் இருந்த தயிரை மொத்தமாக வழித்துப் போட்டுவிட்டேன். உறை ஊற்ற ஒரு சொட்டு இல்லை. காய்ச்சிய பால் ஒரு லிட்டர் இருக்கிறது. விளக்கு வைத்த பிறகு உப்பும் மோரும் இங்கே யாரும் கொடுக்கமாட்டார்கள், கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தவும் மனசில்லை. மாமனார் காலை 6 மணிக்கு ராகிக் கூழில் மோர் விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் கொல்லை வேலைக்குப் போவார். எலுமிச்சம்பழம் ஒன்று இருக்கிறது. பிழிந்தால் தயிராகுமா?

ஊத்தங்கரை:
பிழிந்து பாருங்கள். நான் ஒரு தடவை செய்தேன், பால் கெட்டியானது.

பாலக்கோட்டு அக்கா:
வேண்டாம் கண்ணு. எலுமிச்சை பாலைத் திரிய வைக்கும், உறைய வைக்காது. சூட்டில் பிழிந்தால் தண்ணீர் தனியாக, கட்டி தனியாகப் பிரிந்துவிடும். ஒரு லிட்டர் பாலை அப்படிப் பாழாக்காதே.

வீட்டில் வரமிளகாய் இருக்கும் இல்லையா? காம்பு கிள்ளாத மிளகாயாக ஏழெட்டு எடு. காம்புதான் முக்கியம். பாலை உறைய வைக்கிற நுண்ணுயிரி அதில்தான் ஒட்டியிருக்கிறது, காரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாலில் விரலை விட்டால் சுடாமல் இதமாக இருக்கவேண்டும். கொதிக்கிற பாலில் போட்டால் அந்த உயிர் செத்துப்போகும். முதல் தடவை அரை டம்ளர் பாலில் மட்டும் செய், மிச்சப் பாலை எடுத்து வை. காம்பு பாலுக்குள் முழுகியிருக்கவேண்டும். மூடி வைத்தபின் ஆட்டாதே, திறந்து திறந்து பார்க்காதே. 10, 12 மணி நேரம் ஆகும். இந்த முதல் தயிர் கொழகொழவென்றுதான் இருக்கும், லேசாக மிளகாய் வாசனையும் வரும். சாப்பிட அல்ல, உறைக்குத்தான். மிளகாயை எடுத்துவிட்டு அதில் ஒரு கரண்டி எடுத்து மிச்சப் பாலில் ஊற்று. அந்தத் தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி வரும்.

ஆனால் காலை 6 மணிக்கு இது ஆகாது. ராத்திரி சோறு மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வை. காலையில் அந்த நீராகாரத்தை விட்டுக் கூழைக் கரை, உப்பு போடு, சின்ன வெங்காயம் நாலு நறுக்கிப் போடு. மோர் கலக்காத கூழில் இதுதான் புளிப்புக்கு. எங்கள் அப்பா மாடு கன்று போடும்வரை மாதக்கணக்கில் இப்படித்தான் குடித்தார், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

தளி:
எங்கள் பக்கம் மார்கழிக் குளிரில் அக்கா சொன்ன நேரத்துக்குள் உறையவே உறையாது. டம்ளரை ஒரு பழைய துண்டில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைப்பேன்.

பென்னாகரம் மருமகள்:
அக்கா, நேற்று சோறு மிஞ்சியது நல்லதாகப் போயிற்று. மாமனார் கூழைக் குடித்துவிட்டு, "எங்க அம்மா வெச்ச மாதிரி இருக்குதே" என்றார், இன்னொரு சொம்பும் கேட்டார். டம்ளர் பால் காலை 9 மணிக்கு உறைந்திருந்தது, நீங்கள் சொன்னபடியே கொழகொழவென்று. அதில் ஒரு கரண்டி ஊற்றிய பால் மதியம் பார்த்தபோது கெட்டியாக இருந்தது. கிண்ணத்தைச் சாய்த்தாலும் நகரவில்லை.

அடுப்புக்குப் பக்கத்தில் டப்பாவில் பத்து மிளகாயைக் காம்போடு தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன்.