புதுப்பிப்பு: சம்பளப் பிரிப்பு, நியமனக் கடிதம் இரண்டும் முடிந்தது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: திருப்பூரில் 14 பேர் வேலை செய்யும் தையல் யூனிட்; 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்காக எதை முதலில் மாற்றுவது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"கடிதத்தைத் தொடாதீங்க, முதல்ல சம்பளத்தைப் பிரிச்சுப் பாருங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. கட்டிங் மாஸ்டருக்கு மொத்தம் 26,000. அடிப்படையும் பஞ்சப்படியும் 11,000. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி 15,000. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை பி.எஃப். கணக்கிடும் சம்பளத்தோடு சேரும். ஆக 2,000 சேர்ந்து 13,000. என் பி.எஃப். பங்கு 1,320 இலிருந்து 1,560 ஆனது. அவருக்கும் அதே அளவு பிடித்தம் கூடும் என்பதால், உட்கார வைத்துக் கணக்கைக் காட்டிவிட்டேன். சரி என்றார்.

அப்புறம் கடிதம், தமிழில், ஒரே பக்கம். எதிர்பாராதது இங்கேதான் வந்தது: சேர்ந்த தேதி. என் பதிவேட்டில் 2019 என்றிருந்த ஓவர்லாக் மெஷின் ஓட்டும் அக்கா, ஒரு பழைய தீபாவளி போனஸ் கவரை எடுத்து வந்தார். அதில் என் அப்பாவின் கையெழுத்தில் 2016. பணிக்கொடையில் (கிராஜுவிட்டி) மூன்று வருடம் போயிருக்கும். உடனே திருத்தினேன். மற்றவர்களிடமும் கேட்டுத்தான் தேதி போட்டேன்.

கடையில் வாங்கிய மாதிரி ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கும் ஆட்களுக்கும் பணிக்கொடை ஐந்து வருடம் கழித்து என்றிருந்தது. இப்போது ஒரு வருடம் போதும். விலகுபவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளில் கொடுக்க வேண்டும். அதுவும் அதில் இல்லை. மாதிரி வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.