புதன்கிழமைச் சாப்பாடு: வடசென்னையில் பரிமாறியவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மூன்றாம் ஆண்டு மாணவன், கொருக்குப்பேட்டை:

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். எங்கள் கல்லூரியில் அது பெரும்பாலும் மரம் நடுவதிலும் பேரணி போவதிலும் கழிந்துவிடும். போன ஆண்டு நாங்கள் சிலர் சாப்பாடு போடலாம் என்று கிளம்பினோம். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, எண்பது பொட்டலம் தக்காளி சாதம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மருத்துவமனை வாசலுக்குப் போனோம்.

நாற்பதுக்கு மேல் மிஞ்சிவிட்டது. எங்களுக்கு முன்பே மூன்று வண்டிகள் வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தன. ஒரு அம்மா தன் பையைத் திறந்து காட்டினார். உள்ளே பிரிக்காத பொட்டலம் நான்கு இருந்தது. "ராத்திரிக்கு வெச்சுக்கலாம்னு பாத்தா ஊசிப் போவுது கண்ணு" என்றார். சூடாகவே பிளாஸ்டிக் தாளில் இறுக்கிக் கட்டிய சோறு, சித்திரை வெயிலில் எத்தனை நேரம் தாங்கும்? நாங்கள் திருப்பிக் கொண்டுவந்ததும் சாயங்காலத்துக்குள் நாறிவிட்டது. அதைக் கொட்டிவிட்டு வரும்போது யாரும் யாரோடும் பேசவில்லை.

அப்புறம்தான் எங்கள் திட்ட அலுவலர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, வீடற்றோர் காப்பகம் ஒன்றுக்கு அனுப்பினார். மாநகராட்சிக் காப்பகம், தொண்டு நிறுவனம் ஒன்று அதைப் பார்த்துக்கொள்கிறது. அங்கே பொறுப்பில் இருந்த அக்கா, என்ன கொண்டு வருவீர்கள் என்று கேட்கவில்லை. "எந்த நாளு?" என்றுதான் கேட்டார். சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் காட்டினார். ஞாயிறு, அமாவாசை, யாராவது பெரியவர்களின் பிறந்தநாள், நினைவுநாள் எல்லாம் நிரம்பியிருந்தன. சில நாள் இரண்டு பேர் பெயர் எழுதியிருந்தது. புதனும் வியாழனும் வெள்ளையாக இருந்தன. புதனை எடுத்துக்கொண்டோம்.

பக்கத்துத் தெரு மகளிர் குழுவில் மூன்று பேர் சமைக்க ஒத்துக்கொண்டார்கள். மளிகை எங்கள் பொறுப்பு. எட்டுப் பேருக்கு ஒரு கிலோ அரிசி என்ற கணக்கை அவர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே பல் இல்லாதவர்கள் நிறைய, அதனால் சோறு குழைய வேண்டும். சர்க்கரை இருக்கிறவர்களும் நிறைய, அதனால் உருளைக்கிழங்கு வேண்டாம், கீரையும் கோஸும் போதும். இதெல்லாம் அங்கே தினம் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் இஷ்டத்துக்கு பிரியாணி கொண்டுபோயிருந்தால் பாதிப் பேர் தொட்டிருக்க முடியாது.

முதல் புதன்கிழமை வரிசையாக உட்கார வைத்துத் தட்டில் பரிமாறினோம். சாம்பார் சோறு சாப்பிட்டு முடித்த ஒரு தாத்தா தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தாத்தா என்று குனிந்தேன். "ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு வாங்கலாமாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். வாங்கலாமா என்று கேட்கிறார்! வீட்டில் நான் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. எத்தனையோ காலம் பொட்டலத்திலேயே சாப்பிட்டவர். பொட்டலத்தில் மறுசோறு கிடையாது, எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம்: யாரும் கேட்கிறவரை நிற்கக் கூடாது, நாமே வாளியோடு இரண்டாம் சுற்றுப் போக வேண்டும்.

இரண்டாம் ஆண்டு மாணவி, காசிமேடு:

நாள் என்று நீங்கள் சொன்னதும் எங்கள் தெருதான் ஞாபகம் வந்தது. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. படகில் போகிறவர்களுக்கு மட்டுமில்லை, ஐஸ் உடைக்கிறவர்கள், கூடை தூக்குகிறவர்கள், மீன் வெட்டிக் கொடுக்கிற அக்காக்கள் எல்லாருக்கும் வருமானம் விழுந்துவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடமும் லீவு. பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடும் கிடையாது, மதியச் சத்துணவும் கிடையாது.

நாங்கள் தோழிகள் ஆறு பேர், ஒரு தொண்டு அமைப்போடு சேர்ந்து மே மாதம் முழுக்க மதியச் சாப்பாடு போட்டோம். முதல் நாள் யாருமே வரவில்லை. இத்தனைக்கும் எல்லாரும் எனக்குத் தெரிந்த முகம்தான். ஒரு சித்தி சொன்னார், "நாங்க இன்னா பிச்சைக்காரங்களா? அரிசியைக் குடு, நாங்களே ஆக்கிக்கறோம்." அது கோபமாக வந்த சொல்தான். ஆனால் எங்களுக்கு வழி சொன்னதும் அதுதான். மறுநாள் அரிசியும் பருப்பும் கொண்டுபோய் அவரிடமே கொடுத்தோம். தெருவில் இரண்டு அடுப்பு வைத்தார்கள். அண்டாவைத் தூக்கி இறக்கப் படகுக்காரர்கள் வந்தார்கள். குழம்பில் எங்கிருந்தோ நெத்திலிக் கருவாடு வந்து விழுந்தது. பிள்ளைகளோடு பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். எங்களையும் உட்கார வைத்து அவர்கள்தான் பரிமாறினார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, தண்டையார்பேட்டை:

இந்தப் பிள்ளைகள் எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மாநகராட்சிப் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். திங்கட்கிழமை காலையில் வகுப்பில் மயங்குகிற பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளியில் சாப்பிட்டதுதான் அவர்கள் கடைசியாக வயிறு நிறையச் சாப்பிட்டது. 1920-இல் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோதுதான் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. அவர் பெயரில் கல்லூரி இருக்கிற ஊர் நம்முடையது. 2022-இல் காலை உணவும் வந்தது, இப்போது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. ஆனால் இதெல்லாம் பள்ளி நடக்கிற நாட்களுக்குத்தான். கல்லூரிப் பிள்ளைகள் யாராவது சனிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். அரையாண்டு விடுமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளை வீட்டில் அடுப்பு எரியாது என்பது அங்கன்வாடி அம்மாவுக்கும் சத்துணவு ஆயாவுக்கும் நன்றாகத் தெரியும். முதலில் அவர்களிடம் போய்க் கேளுங்கள்.

முதலாம் ஆண்டு மாணவன், வியாசர்பாடி:

அண்ணா, எங்கள் வகுப்பில் ஐந்து பேர் இருக்கிறோம். கையில் பணம் இல்லை. சமைக்கவும் தெரியாது. வரலாமா?

கொருக்குப்பேட்டை மாணவன்:

வா தம்பி. புதன்கிழமை பதினோரு மணிக்குள் வந்துவிடுங்கள். கீரை ஆய இரண்டு பேர் வேண்டும், புளி கரைக்க ஒருவர். மீதி இரண்டு பேர் ரச வாளியைப் பிடித்துக்கொள்ளட்டும். அந்தத் தாத்தா இப்போதெல்லாம் மூன்றாவது முறையும் வாங்குகிறார், ரசம் பற்றுவதில்லை.