மகளின் இதய ஓட்டை: அக்குள் வழிச் சத்திரசிகிச்சை எங்கே செய்கிறார்கள்?

நாங்கள் களுவாஞ்சிகுடி. மகளுக்கு 6 வயது, நிறை 17 கிலோ. இதயத்தின் இரு மேலறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் 16 மில்லிமீற்றர் ஓட்டை. அடிக்கடி சளி பிடிக்கிறது. ஓடிப்பிடித்து விளையாடும்போது பாதியிலேயே மூச்சு வாங்கி, மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள்.

தொடை நாளம் வழியாகக் குடைபோன்ற அடைப்பானை வைத்து மூடலாம் என்று நம்பித்தான் வைகாசியில் கொழும்புக்குக் கொண்டுபோனோம். எக்கோ ஸ்கானில் பார்த்துவிட்டு, ஓட்டையின் கீழ் விளிம்பு போதாது, அடைப்பான் பிடித்து நிற்காது என்றார்கள். மட்டக்களப்பில் காட்டிய வைத்தியரும் அதையே சொன்னார். சத்திரசிகிச்சைக்கு நாங்கள் மறுப்பில்லை. ஆனால் நெஞ்செலும்பைப் பிளக்காமல், வலது அக்குளின் கீழ் சிறு வெட்டு வழியாகவும் இதைச் செய்கிறார்களே! (இதய நுரையீரல் இயந்திரம் அதற்கும் வேண்டும் என்பது தெரியும்.) கிளினிக்கில் கேட்டும் தெளிவான பதில் இல்லை.

இலங்கையிலோ சென்னை, வேலூர் பக்கமோ பிள்ளைக்கு இந்த முறையில் செய்வித்தவர்கள் யாராவது இருந்தால், எந்த மருத்துவமனையில் செய்தீர்கள்?