மெட்டல் டிடெக்டர் உள்ள இரட்டைக் கதவு: கையில் ஒன்றும் இல்லாமலே அலாரம், உள் கதவும் திறப்பதில்லை

கேள்வி:
வெளிக்கதவு மூடினால்தான் உள் கதவு திறக்கும் இன்டர்லாக் வாசல், நடுவில் டிடெக்டர். பெல்ட், சாவி எல்லாம் வைத்துவிட்டு நின்றாலும் பாதி நேரம் அலாரம், அதுவும் வெளிக்கதவு மூடும் சமயத்தில்தான். சில நேரம் அலாரமே இல்லாமலும் உள் கதவு பூட்டியே நிற்கிறது. சென்சிட்டிவிட்டியைக் குறைத்தும் பயனில்லை. போர்டு போய்விட்டதா?

பதில் 1:
போர்டைத் தொடாதீங்க. இது இரண்டு தனித்தனிக் கோளாறு மாதிரி தெரியுது.

முதலில் அலாரம். வெளிக்கதவை அசையாமல் முட்டுக்கொடுத்து நிறுத்திட்டு, உள்ளே யாரும் இல்லாமல் சிக்னல் பாரை (டிடெக்டர் உணரும் சிக்னலின் அளவைக் காட்டும் பட்டை) பத்து நிமிடம் பாருங்க. பார் அமைதியாக இருந்து, கதவை ஆட்டினால் மட்டும் எகிறினால் காரணம் கதவுதான். அசையாத இரும்பை டிடெக்டர் கணக்கில் கழித்துவிடும், அசைவதைத்தான் பிடிக்கும். அதைவிட மோசம் லூசான கீல், பிரேம் ஸ்க்ரூ. ஒவ்வொரு அதிர்விலும் இரண்டு உலோகம் தொட்டுத் தொட்டு விலகினால் அங்கே கரண்ட் ஓடக்கூடிய ஒரு உலோக வளையம் மூடித் திறக்கும். சின்னக் கத்தியைவிடப் பெரிய சிக்னல் வரும். எல்லாத்தையும் முறுக்குங்க, முறுக்க முடியாத இடத்தில் நைலான் வாஷர் போட்டுப் பிரிச்சிடுங்க. டிடெக்டர் பேனல் தரையோடு அசையாமல் பிடித்திருக்கணும்.

கதவு நின்றிருக்கும்போதே பார் ஆடினால் அது வெளிக் குறுக்கீடு. அலைவரிசையை மாற்றிப் பாருங்க. பக்கத்தில் இன்னொரு டிடெக்டர், மோட்டார் டிரைவ், பேனலை ஒட்டி ஓடும் பவர் கேபிள் இருக்கா பாருங்க.

சென்சிட்டிவிட்டியைப் பழைய அளவுக்கே ஏற்றிடுங்க. குறைத்தால் கோளாறு போகாது, ஆயுதம்தான் போகும்.

பதில் 2:
அலாரம் இல்லாமல் பூட்டி நிற்பதற்கு: உள் கதவில் இருப்பது காந்தப் பூட்டா, ஸ்ட்ரைக்கா (பூட்டின் நாக்கைப் பிடித்து விடுவிக்கும் மின் பிடிப்பு)? கரண்ட் வந்தால் திறக்கும் ஸ்ட்ரைக் என்றால் வோல்டேஜ் குறைந்தாலும் திறக்காது. சப்ளையில் அளக்காமல், திறக்கச் சொல்லும் நேரத்தில் பூட்டின் முனையிலேயே அளங்க. காந்தப் பூட்டில் கதை தலைகீழ்: கரண்ட் போனால்தான் திறக்கும், அதனால் கரண்ட் அறுகிறதா என்று பாருங்க. அறவில்லை என்றால் ரிலேயின் (பூட்டுக்குக் கரண்டை இணைத்து அறுக்கும் மின் ஸ்விட்ச்) காண்டாக்ட் ஒட்டியிருக்கலாம். டிசி பூட்டின் குறுக்கே, கரண்ட் அறும்போது எழும் வோல்டேஜ் பாய்ச்சலை அடக்கும் 1N4007 டையோடு இல்லாவிட்டால் இது சகஜம் (கோடு போட்ட முனை பிளஸ்ஸுக்கு).

வெளிக்கதவின் ரீட் ஸ்விட்சையும் (கதவிலுள்ள காந்தம் நெருங்கினால் கதவு மூடியதென்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஸ்விட்ச்) பாருங்க. கதவைக் கையால் அழுத்தினால் கன்ட்ரோலரில் லைட் மாறுதா?

கேள்வி கேட்டவர்:
காந்தப் பூட்டு. அழுத்தினால் லைட் மாறுது, உள் கதவும் திறக்குது.

பதில் 2:
அப்போ வெளிக்கதவைத் தானாக மூடும் க்ளோசர் கடைசி இரண்டு விரல்கடை இழுக்கலை. கடைசி இழுப்புக்கான ஸ்க்ரூவைக் கால் திருப்பம் தளர்த்துங்க, ஒவ்வொரு முறையும் சோதிச்சுக்கிட்டு. அதிகமானால் கதவு அடிக்கும், அந்த அதிர்வில் திரும்ப அலாரம். கதவிலுள்ள காந்தத்தை ரீட் ஸ்விட்சுக்கு நேராக நெருக்கி வைங்க.

பதில் 1:
முடிஞ்சதும் சோதனைத் துண்டை (டிடெக்டரைச் சோதிக்க வைத்திருக்கும் உலோகத் துண்டு) கணுக்கால், இடுப்பு, மார்பு உயரத்தில், இரண்டு திசையிலும் எடுத்துப் போய்ப் பாருங்க. எமர்ஜென்சி பட்டன் கன்ட்ரோலர் வழியாகப் போகாமல் பூட்டின் சப்ளையை நேரடியாக அறுக்குதான்னும் பார்த்துடுங்க.