மிடில் டெம்பிள் மண்டபம் பற்றிய ஆய்வு நூல் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, லண்டன் மிடில் டெம்பிள் மண்டபத்தை நாடகம் நடந்த இடமாகப் பார்க்கும் ஆய்வு நூல்களைத் தேடுகிறேன். வழக்கறிஞர்கள் கூடிச் சாப்பிடும் கூடம் அது; 1602 பிப்ரவரி 2 அன்று அங்கே ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நடந்ததை, அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்த ஜான் மானிங்ஹாம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மண்டபத்தின் ஒரு முனையில் இரண்டு வாசல் வைத்து நிற்கும் மரத்தடுப்பின் முன்னால் நடிகர்கள் எங்கே நின்றார்கள், பார்த்தவர்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. மண்டபக் கட்டுமானத்தை மேற்பார்த்த எட்மண்ட் பிளௌடன்தான் 1571இல் சட்டப் பிரெஞ்சில் (அக்கால இங்கிலாந்து வழக்கறிஞர்கள் எழுதிய பிரெஞ்சு) வழக்குத் தொகுப்பும் வெளியிட்டார். 'ஹாம்லெட்' குழிவெட்டிகளின் பேச்சில் அதிலுள்ள ஹேல்ஸ் வழக்கின் (நீரில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்ட நீதிபதி ஹேல்ஸ் பற்றியது) வாதம் அப்படியே கேட்கிறது! அந்த வழக்குத் தொகுப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். இரவல் தந்தால் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன், அஞ்சல் செலவு என்னுடையது.