250 பிளைண்ட் ஆழத்தில் ஏஸ் ஜோடி: ரிவரில் கால் செய்தது தவறா?

சீட்டுராசா:
நேற்றிரவு ஆடிய ஒரு கை இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. போக்கரில் நோ லிமிட் ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் ஐந்து பொதுச் சீட்டு), கேஷ் கேம். எனக்கும் எதிராளிக்கும் ஆளுக்கு 250 பிக் பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் போடும் தொகை). கீழே வரும் எண்கள் எல்லாம் பிக் பிளைண்ட் கணக்குதான்.

பட்டனில் (ஃப்ளாப்பிலிருந்து கடைசியில் பேசும் இடம்) இருந்தவர் 3-க்கு ரெய்ஸ் செய்தார், அதாவது ஏற்றினார். ஸ்மால் பிளைண்டில் (பட்டனுக்கு அடுத்த, ஃப்ளாப்பிலிருந்து முதலில் பேசும் இடம்) எனக்கு ஏஸ் ஜோடி. 10-க்கு ஏற்றினேன், கால் செய்தார் (அதே தொகையைப் போட்டார்). பாட், அதாவது நடுவில் சேர்ந்த பணம், 21. ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு) ஜாக், 6, 2. 14 கட்டினேன், கால். டர்னில் (நான்காவது சீட்டு) 9; 35 கட்டினேன், கால். ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) 3. ஃப்ளஷ் (ஒரே குறியில் ஐந்து சீட்டு) வர வழியே இல்லாத மேசை. 70 கட்டினேன். கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், மீதமிருந்த 191-ஐயும் உள்ளே தள்ளினார். நான் இன்னும் 121 போட வேண்டும், பாட்டில் 380 கிடக்கிறது. நூற்றில் 24 தடவை ஜெயித்தால் போதும் என்று கணக்குப் போட்டுக் கால் செய்தேன். 6 ஜோடியைத் திருப்பிக் காட்டினார்.

ஏஸ் ஜோடி செட்டிடம் (கை ஜோடியோடு மேசையிலும் அதே எண் சேர்ந்த மூன்று சீட்டு) தோற்றால் யாராலும் எதுவும் செய்ய முடியாது என்பது என் கட்சி. கூட ஆடிய நண்பர் மறுக்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.

நிதானம்:
உங்கள் நண்பர் பக்கம்தான் நான். இதே கையை 100 ஸ்டாக்கில் (ஆளுக்கு 100 பிக் பிளைண்ட்) ஆடிப் பாருங்கள். டர்ன் முடியும்போது 59 உள்ளே போயிருக்கும், கையில் 41, பாட்டில் 119. அங்கே யோசிக்கவே ஒன்றும் இல்லை, போட்டுவிட வேண்டியதுதான். உங்களிடம் இருந்ததோ 191. அது முழுக்க முழுக்க வேறு ஆட்டம். 100-க்குப் பழகிய கை 250-லும் தானாக ஓடிவிட்டது, அவ்வளவுதான். ரிவரில் உங்கள் 70-க்கு மேல் ஏற்றுகிறவர் ஜாக்-குயினை வைத்தா ஏற்றுவார்? செட், ஜாக்-9, அல்லது 5-4 ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு). ஏஸ் ஜோடியும் அந்த இடத்தில் வெறும் ஒற்றை ஜோடிதான்.

முழுஸ்டாக்:
நிதானம், பிளஃப்பை (வெறுங்கையோடு மிரட்டுவதை) விட்டுவிட்டீர்களே! டர்னில் 9 வந்ததும் குயின்-10, 10-8 இரண்டுக்கும் இருபக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட் டிரா (எந்த முனையில் ஒரு சீட்டு வந்தாலும் ஸ்ட்ரெய்ட்). ரிவரில் இரண்டும் தவறிவிட்டன. பட்டனில் உட்கார்ந்து ஆழமான ஸ்டாக்கோடு ஆடுகிறவர் தவறிய டிராவை வைத்துத் தள்ள மாட்டாரா? கையில் இருப்பதிலேயே பலமான ஜோடியை 24 சதவீத விலைக்கு ஃபோல்டு செய்பவர் (கையை விட்டுவிடுபவர்) என்று தெரிந்தால், நாளைக்கு மேசையில் ஒவ்வொருவரும் அவர் தலையில் ஏறி உட்காருவார்கள்.

நிதானம்:
ஜாக்-6-2 மேசையில் 14 கட்டியபோது குயின்-10 எதை நம்பிக் கால் செய்யும்? சிலர் செய்வார்கள், ஒத்துக்கொள்கிறேன். எதிராளி அந்த ரகம் என்று முன்பே கண்டிருந்தால் கால் செய்யுங்கள். தெரியாத ஆள் என்றால், ரிவரில் பெரிய ரெய்ஸை நம்புவதே நல்லது. 70 கட்டியதில் குறையில்லை. அதற்கு மேல் வந்தால் விட்டுவிடுவது என்று கட்டும்போதே முடிவு செய்திருக்க வேண்டும்.

உண்மையான தவறு இதற்கெல்லாம் முன்பே நடந்துவிட்டது. பொசிஷன் இல்லாத (எதிராளிக்கு முன்பே பேச வேண்டிய) இடத்திலிருந்து, 250 ஆழத்தில், வெறும் 10-க்கு ஏற்றியதுதான் தவறு.

தூரமேசை:
6 ஜோடிக்காரர் பக்கம் நின்று பேசுகிறேன். அவர் போட வேண்டியது இன்னும் 7. ஃப்ளாப்பில் செட் விழுவது சுமார் எட்டரைக்கு ஒரு தடவை. விழாத ஏழரைத் தடவையில் 52 போகும். விழும்போது பாட்டில் ஏற்கெனவே கிடக்கும் 14 கைக்கு வருகிறது. ஆக, விழும் தடவையில் சராசரியாக இன்னும் 39 பிடுங்கினால் அசல் தேறிவிடும். 100 ஸ்டாக்கில் உங்களிடம் பின்னால் இருப்பது 90. அதிலிருந்து 39 எடுப்பது திண்டாட்டம். 250-ல் பின்னால் 240! அதனால்தான் சொல்கிறேன், ஆழம் கூடினால் அதிகக் கைகள் ஆடலாம். சின்ன ஜோடி, 7-6 சூட்டட் (இரண்டும் ஒரே குறி), 9-8 சூட்டட் எல்லாம் உள்ளே வரலாம்.

நிதானம்:
அந்தக் கணக்கே என் வாதத்துக்கும் சாட்சி. 15-க்கு ஏற்றியிருந்தால் அவர் போட வேண்டியது 12. அதே வழியில் போட்டால், 39 என்பது 71 ஆகிவிடும். கால் செய்யலாம்தான், ஆனால் இலவசச் சாப்பாடு இல்லை.

“அதிகக் கைகள்” என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. எந்தக் கை என்று பாருங்கள். ஏஸ்-5 சூட்டட் ஏறுகிறது, ஏனென்றால் ஃப்ளஷ் அடித்தால் அதுதான் உச்சம். ஏஸ்-10, கிங்-ஜாக் ஆஃப்சூட் (வெவ்வேறு குறி) இறங்குகின்றன, ஏனென்றால் அவை செய்வது ஒரு ஜோடி. 7-6 சூட்டட் ஃப்ளஷ் அடித்து 250-ம் உள்ளே போனால் எதிரில் இருப்பது பெரும்பாலும் பெரிய ஃப்ளஷ். இதையெல்லாம் கடைசியில் பேசும் இடத்திலிருந்து ஆடுங்கள், சரி. ஸ்மால் பிளைண்டிலிருந்து ஆடினால் செட் விழுந்தாலும் பணத்தை உள்ளே இழுக்கத் திணறுவீர்கள்.

முழுஸ்டாக்:
இழுப்பது பற்றி ஒன்று. இந்த 21 பாட்டில் 100 ஸ்டாக் என்றால் மூன்று தெருவிலும் (ஃப்ளாப், டர்ன், ரிவர்) பாட்டில் 56 சதவீதம் அளவு கட்டினாலே முழுதும் போய்விடும். 250 என்றால் ஒவ்வொரு தெருவிலும் கிட்டத்தட்ட முழுப் பாட் அளவு கட்ட வேண்டும். ராசா கட்டிய 14, 35, 70 எல்லாம் 100 ஸ்டாக்குக்கான அளவுகள். அதில் நிதானம் சொன்னது சரி. ரிவர் ஃபோல்டை மட்டும் இன்னும் ஏற்க மனம் வரவில்லை.

தூரமேசை:
இடையில் ஒன்று. உங்களிடம் 250 இருந்து எதிராளியிடம் 60 மட்டும் இருந்தால், இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது. அது 60 பிளைண்ட் ஆட்டம். சிறிய ஸ்டாக்தான் கணக்கு.

சீட்டுராசா:
முதலில் கோபமாகத்தான் படித்தேன். 15-க்கு ஏற்றியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ரிவரில் அவர் யோசித்த அந்த நேரத்தில் நான் பார்த்தது 24 என்ற எண்ணை மட்டும்தான். அவர் எந்தெந்தக் கைகளோடு அங்கே வந்திருப்பார் என்று ஒருமுறைகூட எண்ணவில்லை. இப்போது எண்ணுகிறேன்: 6 ஜோடி மூன்று விதம், 2 ஜோடி மூன்று, ஜாக்-9 சூட்டட் அதிகபட்சம் மூன்று, 5-4 சூட்டட் நான்கு. மொத்தம் 13. 24 சதவீதம் வேண்டுமென்றால் நான்கைந்து பிளஃப்பாவது இருக்க வேண்டும். முழுஸ்டாக், 10-8 சூட்டட் மட்டுமே நான்கு விதம் வருகிறதே. அவர் அதில் பாதியையாவது தள்ளுவாரா?

முழுஸ்டாக்:
பாதியை மட்டும் தள்ளுவார் என்றால், குயின்-10 சூட்டட்டிலும் பாதி சேர வேண்டும். அப்போதும் நான்குதான் தேறும். அந்த ஆளோடு இன்னும் சில நாள் ஆடிவிட்டு வந்து சொல்லுங்கள்.